‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவே

விடிகாலை ஐந்தரை. ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன டவுன், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை. மாஸ்டர் முதல் டீயை ஆற்றி ரோட்டில் ஊற்றிவிட்டுக் கும்பிடுகிறார். பேப்பர்க்காரப் பையன் வீசிவிட்டுப் போன தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கைக்குப் போகிறது. முதல் பக்கம் கிடைத்தவர் வாய்விட்டுப் படிக்கிறார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே குடிக்கிறார்கள். கல்லாவுக்கு மேலே இரண்டு போர்டுகள். ஒன்று, ‘கடன் அன்பை முறிக்கும்’. இன்னொன்று, ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்’.

அரை மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பால் விலை பேசினார்கள். ரேஷனில் பாமாயில் வரவில்லை என்றார்கள். தாலுகா ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி “நம்ம பக்கத்து ஆளுங்களா?” என்று ஒருவர் விசாரித்தார். யாரோ ஒருவருடைய மகள் “வேற ஆளுங்க பையனை” கட்டிக்கொண்டு போனதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மில்லுக்கு வேலைக்கு வந்திருக்கும் பீகார்ப் பையன்கள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதால் உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லை என்று ஒருவர் சொல்ல, அந்தப் பையன்கள் இல்லாவிட்டால் மில்லே ஓடாது என்றார் இன்னொருவர். ஒரு கட்சியின் பேரைக்கூட யாரும் எடுக்கவில்லை. போர்டு சொன்னதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

இந்த நேரத்தில் துப்புரவுப் பணியாளரான ஒரு அம்மா தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெஞ்சில் இடம் இருந்தது. அவர் சாக்கடையை மூடியிருந்த சிலாப் மேல் நின்றுகொண்டார். எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் வந்த டீ அவருக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அவர் கேட்கவுமில்லை, மாஸ்டர் யோசிக்கவுமில்லை. கை தானாகப் பேப்பர் கப்பை எடுத்தது.

அன்றைக்கு அந்தக் கடையில் நடந்த பெரிய அரசியல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதைச் சொன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரசியல் என்றால் நமக்குக் கட்சி, தேர்தல், கூட்டணி. கடைக்காரரைக் கேட்டால், “எல்லாக் கட்சிக்காரரும் நமக்குக் கஸ்டமருங்க. பேச்சு முத்திப்போனா கிளாஸ்தான் உடையும்” என்பார். அவர் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் போர்டால் நிறுத்த முடிந்தது கட்சிப் பேச்சை மட்டும்தான். யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும், யாரை எப்படிக் கூப்பிடலாம் என்று தினம் தினம் தீர்ப்பாகிக்கொண்டே இருப்பதை எந்தப் போர்டும் தொட்டதில்லை.

சவரக்கடையில் வளர்ந்த இயக்கம்

இந்தப் போர்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பேச்சு இல்லாத இடத்தில் ‘பேசாதே’ என்று யாரும் எழுதி மாட்டுவதில்லை. திராவிட இயக்கம் வளர்ந்ததே சவரக்கடைகளிலும், டீக்கடைகளிலும், சைக்கிள் கடைகளிலும், கீற்றுக்கொட்டகைப் படிப்பகங்களிலும்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வந்தபோது அதை அப்படித்தான் கேட்டார்கள். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது, மக்கள் பேசுகிற தமிழில்தான் செய்தி எழுதவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பண்டிதத் தமிழுக்குப் பழகாத காதுக்கும் புரிகிற செய்தி என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நாட்டு நடப்பில் தனக்கும் ஒரு கருத்து உண்டு என்று சொல்லத் தொடங்கினான்.

அதற்கும் முன்னால், 1907-ல், அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அதன் பேர் ‘ஒரு பைசாத் தமிழன்’. எந்தக் கூலிக்காரனும் வாங்கலாம் என்பதை விலையைப் பேரிலேயே போட்டுச் சொல்லிவிட்டார். ‘தமிழன்’ என்ற பேரை ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களும் உரிமையோடு சூடிக்கொண்டார்கள். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று எழுதிவந்த அரசாங்கத் தாள்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பேர் ஏற 1922 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எம்.சி. ராஜா சட்டசபைக்கு உள்ளே போராடி வாங்கிக் கொடுத்த பேர் அது. நூறு வருஷம் கழித்து, 2021-ல், தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரு பேருக்காக நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. பேரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவருக்கு அநேகமாக ஊரில் நல்ல பேர் ஏற்கெனவே இருக்கும்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் மூன்று தலைமுறைக் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. அப்பாரு கல்யாணத்தது பழுப்பேறி மடிப்பில் கிழிந்துபோன தாள். ‘விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்று தலைப்பு. மாப்பிள்ளை ‘சிரஞ்சீவி’, பெண் ‘சௌபாக்கியவதி’. ஆண்கள் பேருக்குப் பின்னால் எல்லாம் சாதிப் பட்டம். பெண்ணைப் பெற்ற தாயின் பேர் அதில் எங்குமே இல்லை. எழுபதுகளில் நடந்த அப்பா கல்யாணத்தது ‘திருமண அழைப்பிதழ்’. ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருவளர்ச்செல்வி’ வந்துவிட்டார்கள். ‘ஸ்ரீ’ போய் ‘திரு’ வந்திருக்கிறது. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஒரு பொதுக்கூட்டமே அடியில் அச்சாகியிருக்கிறது. பட்டம் மட்டும் போகவில்லை. என் கல்யாணத்தில்தான் பட்டம் போனது, இரண்டு தாய்மார்களின் பேரும் வந்தன. அதற்கு வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது. “பட்டமில்லாமப் போட்டா அது ஆரு வீட்டுக் கல்யாணம்னு எப்படித் தெரியும்?” என்று பெரியப்பா கேட்டார். அவர் எந்தக் கட்சியிலும் இருந்தவரில்லை. வாழ்நாளில் அவர் கேட்ட கறாரான அரசியல் கேள்வி அதுதான்.

அந்தச் சண்டையை எங்களுக்கு 70 வருஷம் முன்பே ஊரறிய நடத்திவிட்டார்கள். 1927 கடைசியில் ‘குடி அரசு’ இதழில் ஆசிரியர் பேருக்குப் பின்னாலிருந்த ‘நாயக்கர்’ உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு, பேரோடு சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானித்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் அதே மாநாடுதான் சொன்னது. இன்றைக்கு வடக்கே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்பா பேரை எழுதிவைக்கிறார்கள். அந்தக் கட்டம் காலியாக நிற்பதற்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களின் கல்யாணம் செல்லாது என்று 1950-களில் நீதிமன்றமே சொன்னது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967-ல், சுயமரியாதைத் திருமணத்துக்கு சட்டம் கொண்டுவந்தார். முன்பே நடந்துவிட்ட கல்யாணங்களும் அந்தச் சட்டத்தால் செல்லுபடியாயின. பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களும் அதன் பிறகுதான் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி ஆனார்கள்.

‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்ததும், ‘அக்கிராசனர்’ தலைவரானதும், ‘அபேட்சகர்’ வேட்பாளரானதும், ‘காரியதரிசி’ செயலாளரானதும் இந்தக் காலத்தில்தான். இன்று ‘வணக்கம்’ சொல்கிற யாரும் அரசியல் செய்வதாக நினைப்பதில்லை. ஒரு காலத்தில் அதைச் சொன்னவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வென்ற அரசியல் பழக்கமாகிவிடுகிறது. பழக்கமானதை நாம் அரசியல் என்று அழைப்பதில்லை. அந்தப் பேப்பர் கப்பும் அப்படித்தான். அது என்றோ வென்றுவிட்ட ஒன்றின் மிச்சம்.

எந்த ‘சாமி’?

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து சொல்வார்கள். “ஏனுங்க”, “வாங்க”, “சொல்லுங்க” என்று எதற்கும் ஒரு ‘ங்க’. நான் அந்த மொழியில் பிறந்தவன், அதை நேசிக்கிறவன். அதனால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ‘ங்க’ எல்லோருக்கும் கிடைத்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் பண்ணயத்துக்கு இருந்த ஒரு பெரியவர். என் அப்பாருவைவிட மூத்தவர். எனக்கு எட்டு வயது. நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். “வா”, “போ”, “இந்தா புடி” என்பேன். அவர் என்னைச் “சாமி” என்பார். “வெய்யில்ல நிக்காதீங்க சாமி, உள்ள போங்க சாமி” என்பார். மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது வேலியோரம் செருகிவைத்திருந்த கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு வருவார். அதை அவரே கழுவி அவரே செருகிவைப்பார். எனக்கு இதெல்லாம் மழை வெயில் மாதிரி இயற்கையாக இருந்தது.

இதே ‘சாமி’யை என் அப்பத்தாவும் என்னைப் பார்த்துச் சொல்லும். “வாடா சாமி, சோறுண்ண வா கண்ணு” என்று. ஒரே சொல்தான். அப்பத்தா வாயில் அது கொஞ்சல். பெரியவர் வாயில் அது வரி. தப்பாமல் கட்டவேண்டிய வரி. ஒரு சொல்லின் அரசியல் அகராதியில் இல்லை. யார் யாரிடம் சொல்கிறார், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. அப்பத்தா ஒருநாள் ‘சாமி’ சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அவர் ஒருநாள் சொல்லாவிட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது.

நான் ஆறாவது படிக்கும்போது வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். தோட்டத்துப் பக்கம் நடந்து வந்தவர் அந்தப் பெரியவரைப் பார்த்து, “வணக்கங்க ஐயா, உக்காருங்க” என்றார். பெரியவருக்குக் கை நடுங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். அவரைவிட எனக்குத்தான் கோபம் வந்தது. எங்கள் ஆளை இவர் எதற்கு ‘ஐயா’ என்கிறார் என்று. எட்டும் பத்தும் வயதில் எனக்கு ஒரு கட்சியும் தெரியாது, ஓட்டும் தெரியாது. ஆனால் அரசியல் நன்றாகத் தெரிந்திருந்தது. அதை எனக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை. வீட்டுப் பேச்சில் கலந்து கொடுத்திருந்தார்கள்.

தோள்துண்டு என்று சொன்னேன். அது வெறும் துணி இல்லை. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே ஒரு துணி போட்டுக்கொள்வதற்காகப் பல பத்தாண்டு போராடவேண்டியிருந்தது. 1859-ல்தான் அரசாணை வந்தது. பெரிய மனிதர்களைப் பார்த்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவேண்டும் என்றிருந்த ஊர்களில், கறுப்பு சிவப்புக் கரை போட்ட நீளத் துண்டை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால், அவன் வாய் திறக்காமலே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கம் 1940-களில் பி. சீனிவாசராவ் கன்னட தேசத்திலிருந்து வந்து பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தார். அந்தச் சங்கம் சவுக்கடியையும் சாணிப்பால் ஊற்றுவதையும் ஒழிக்கப் போராடியது. கூலி, குத்தகை கோரிக்கைகளும் கூடவே இருந்தன. ‘ஆண்டே’ என்று குனிந்து பேசிய வாய் நிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்டதும் அதே காலத்தில்தான். மனிதனைப்போல நிற்கவும் பேசவும் முடிந்த பிறகுதான் கூலியை வாய்விட்டுக் கேட்க முடியும் என்பது அந்தச் சங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் கொட்டாங்குச்சி இல்லை. அந்தப் பெரியவரின் பேரன் எஞ்சினீயர். அவரை நான் “வாங்க, சொல்லுங்க” என்றுதான் பேசுகிறேன். மாறியிருக்கிறது, கண்முன்னால் மாறியிருக்கிறது. அதே சமயம் என் ஊர் மில்லில் பீகார்ப் பையன்களை மேஸ்திரி எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டிருக்கிறேன். “ஏ வடக்கா”, “டேய் பையா”. விடுதியில் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். கீழே இருந்தவன் ஏறிவிட்டான் என்றால், கீழே நிறுத்த நமக்கு இன்னொருவன் தேவைப்படுகிறான்போலும். தமிழ் தெரியாததால் அவனுக்கு ‘டா’வின் கனம் புரியாது என்று நினைக்கிறார்கள். குரலின் கனம் எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

“சொந்த ஊரு எது?”

முகம் தெரியாத இருவர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் நம்மூரில் முதல் கேள்வி இதுதான். நல்ல கேள்வி. அன்பான கேள்வி. அதன் பின்னால் வருகிறவைதான் வேறு. “ஊர்ல எந்தப் பக்கம்?” “கோயிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?” “குலசாமி எது?” நாலாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு பேச்சு ஒன்று நெருக்கமாகும், அல்லது நின்றுபோகும். கேட்கிறவருக்கு இது வெறும் விசாரிப்பு. பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு அது ஒரு சோதனைச் சாவடி. பெருமாள்முருகன் 2013-ல் தொகுத்த ‘சாதியும் நானும்’ நூலில் பலர் தங்கள் சொந்த அனுபவத்தை எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது, நான் எத்தனை பேரிடம் அந்த நாலு கேள்விகளைக் கேட்டிருக்கிறேன் என்பதுதான்.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்கார அம்மா அருமையான காபி கொடுத்தார். பிறகு, “நீங்க சாப்பாடு எப்படி?” என்றார். “அசைவமும் சாப்பிடுவோங்க” என்றேன். “எங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல பூஜை இருக்கு பாருங்க” என்றார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. எனக்கு அன்று ஒரு வீடு போயிற்று, அவ்வளவுதான், அடுத்த தெருவில் கிடைத்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு நாலு மாதம் கிடைக்கவில்லை. அவரிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் மிக மரியாதையாகவே ‘இல்லை’ என்றார்களாம்.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஊராட்சி மன்றக் கூட்டம். எல்லோரும் நாற்காலியில் இருக்கிறார்கள். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், ஒரு தலித் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். அரசியல் சட்டம் அவருக்குத் தலைவர் பதவியைக் கொடுத்துவிட்டது. நாற்காலியைக் கொடுக்கவேண்டியது ஊர். ஓட்டுப்பெட்டிக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க எந்தத் தேர்தல் கமிஷனாலும் பஸ் விடமுடியாது.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் ‘சேரன் பஸ்’, ‘பல்லவன் பஸ்’ என்றுதான் சொல்வோம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு வைத்தது. ஒரு தலித் வீரனின் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். பஸ்கள் உடைந்தன, தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பேரையும் எல்லா மன்னர்களின் பேரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஒரு பேரை ஏற்க மனமில்லாமல் அத்தனை பேரையும் இழந்தோம். பச்சை பஸ்ஸின் நெற்றியில் ஒரு பேர் என்பது அன்றாடத்திலும் அன்றாடமான விஷயம். அதற்குள் எவ்வளவு வெடிமருந்து இருந்திருக்கிறது.

ஓசியும் உரிமையும்

காலை ஐந்தரை மணிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்த பெண் ஒருத்தரைக்கூட நான் இந்தத் தமிழ்நாட்டில் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். பெண்களின் அரசியல் பேச்சு குழாயடியில், நூறுநாள் வேலையில், மகளிர் குழுக் கூட்டத்தில், டவுன் பஸ்ஸில் நடக்கிறது. அதை நாம் ‘வம்பு’ என்கிறோம். ஆண்கள் பேசினால் நாட்டு நடப்பு.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதுவரை போகாத ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், தூரத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கூடவே கண்டக்டர்களின் குரலும் மாறியது. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி தள்ளிப்போய் நின்றது. 2022-ல் ஒரு அமைச்சர் மேடையில் அந்தப் பயணத்தை ‘ஓசி’ என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் தமிழ்நாடு முழுக்க அந்த ஒரு சொல்தான் பேச்சு. கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி “எனக்கு ஓசி வேண்டாம்” என்று கண்டக்டரிடம் காசை நீட்டிய வீடியோ பரவியது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஏற்பாடு செய்து எடுத்தது அது என்று இன்னொரு தரப்பு சொன்னது. யார் எடுத்ததாக இருந்தாலும், அந்தச் சொல் அத்தனை பெண்களைச் சுட்டது உண்மை. என் அக்கா எந்தக் கட்சி மேடையையும் எட்டிப் பார்க்காதவர். “நாங்க குடுக்குற வரியில ஓடற பஸ்ஸு, இதுல யாருக்கு யாரு ஓசி?” என்று சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பர் 15 அன்று, 1 கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு ‘உதவித்தொகை’ என்று பேர் வைக்கவில்லை, ‘உரிமைத்தொகை’ என்று வைத்தார்கள். அதற்கு முன்னால் ஜெயலலிதா ஆட்சியில் ‘இலவச மிக்சி’ என்று எழுதாமல் ‘விலையில்லா மிக்சி’ என்று எழுதினார்கள். தொகை போதுமா, விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்பதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் ‘உதவி’ வாங்குகிறவர் நன்றி சொல்லவேண்டும். ‘உரிமை’ பெறுகிறவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று அதட்டிக் கேட்கலாம். எங்கள் தாலுகா ஆபீஸ் வரிசையில் பெண்கள் அப்படி அதட்டிக் கேட்டதை நானே பார்த்தேன்.

இதே கணக்கை வீட்டுக்குள்ளும் போட்டுப் பார்க்கலாம். “எங்க வீட்டுக்காரர் சமையலுக்கு உதவி பண்ணுவாரு” என்று பெருமையாகச் சொல்கிறோம். தன் வீட்டில், தான் சாப்பிடுகிற சோற்றுக்கு, யாருக்கு உதவுகிறார் அவர்? அவரை அவள் ‘ஏங்க’ என்கிறாள். அவளை அவர் ‘ஏய்’ என்கிறார். அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எழுதி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சமையலறைகளுக்கு டைல்ஸ் வந்துவிட்டது, சிம்னி வந்துவிட்டது. மூலை அங்கேயேதான் இருக்கிறது.

பறை

கலாசாரம் என்று நாம் கும்பிட்டு வைத்திருப்பதற்கும் இதே கதைதான். பறையைப் பல ஊர்களில் ‘தப்பு’ என்பார்கள். சாவுக்கு அடிக்கவேண்டும், இன்னார்தான் அடிக்கவேண்டும், கூப்பிட்டபோது வரவேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல கிராமங்களில் “இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்” என்றார்கள். அதற்காக அடிபட்டார்கள். இன்னொரு பக்கம், அதே கருவியைக் கலைவிழா மேடையில் ஏற்றி, “இது எங்கள் இழிவில்லை, எங்கள் கலை” என்றார்கள். இரண்டும் ஒரே மறுப்பின் இரண்டு முகங்கள். அடிப்பதில் அவர்களுக்கு வெட்கம் இருந்ததில்லை. அடிக்கச் சொல்லிக் கட்டளையிட்ட வாயைத்தான் மறுத்தார்கள். இன்று கல்லூரி மாணவிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் பறை கற்றுக்கொள்கிறார்கள். 2025-ல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ‘ஆசான்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். போன தலைமுறையில் பறை அடித்தவரை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கடைசி ஷாட்டில் பேச்சே இல்லை. இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. தியேட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸைக் காட்டி ஒரு கூட்டத்தை மௌனமாக்க முடிகிற மண் இது.

“எல்லாத்துலயும் அரசியலப் பாத்தா மனுசன் எப்படிங்க நிம்மதியா இருக்கறது?” என்று என் சிநேகிதர் கேட்பார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் ‘இங்கே அரசியல் வேண்டாம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த நிமிஷம் சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றைப் போடுகிறவரும் அவரே. அவர் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்துக்கொண்டே இருந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. சொல்லை மாற்றினால் போதும் என்று இருந்துவிடுகிற ஆபத்தும் உண்டு. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் போர்டு மாறிய பிறகும் அங்கே சுடுகாட்டுக்குப் பாதை இல்லையென்றால், மாறியது போர்டு மட்டும்தான்.

ஆனாலும் சிநேகிதருக்கு ஒரு பதில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் வெளியூர்ப் பகையாளிகள் இல்லை, கூடப் படித்த பையன்கள். அரிவாள் ஒருநாளில் வரவில்லை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் நடந்த பேச்சும் ஏவலும் இருந்தன. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிறு என்ன கயிறு, பையன்கள் விளையாட்டுக்குக் கட்டியிருப்பார்கள் என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நிம்மதியாக இருக்கிறேன் என்று நாம் சொல்லும்போது, அந்த நிம்மதிக்காக வேறு யாராவது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த டீக்கடைக்கு மறுநாளும் போனேன். அதே நேரம், அதே சிலாப், அதே பேப்பர் கப். மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன், அவர் ஏன் பெஞ்சில் உட்காருவதில்லை என்று. “நாம ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களே. அவிங்களாத்தான் நிக்கறாங்க” என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் உண்மையிலேயே ஒன்றும் சொன்னதில்லை.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். “பெஞ்சு காலியாத்தானுங்க இருக்குது, உக்காந்து குடிக்கலாமில்லீங்களா?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உக்காருன்னு ஆரும் சொன்னதில்லீங் சாமி” என்றார்.

எந்தச் சாமி அது என்று அவர் குரலிலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை. பேப்பர் கப்பைக் கசக்கி வண்டியில் போட்டார். ஏழு மணிக்குள் மார்க்கெட் வீதியை முடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே சீமாறை எடுத்துக்கொண்டு நடந்தார்.